எம்.சி. ராஜாவின் இரண்டு மசோதாக்கள்

சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முந்தைய வாரங்களில் தலித் அமைப்புகள் கோரிக்கைப் பட்டியல் தயாரித்து உறுப்பினர்களிடம் கொடுப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். வழக்கறிஞன் என்ற முறையில் அத்தகைய பட்டியல்கள் சிலவற்றை நானும் எழுதித் தந்திருக்கிறேன். தனித்தொகுதி உறுப்பினர் மனுவைப் பெற்றுக்கொள்வார்; படமும் எடுத்துக்கொள்வோம். எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி இரவெல்லாம் விவாதிக்கும் நாம், அந்த உறுப்பினரால் அவைக்குள் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய விடமாட்டார்கள் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தக் கேள்வியைத் தம் வாழ்க்கையின் வழியாகவே சந்தித்தவர் எம்.சி. ராஜா. 1938ஆம் ஆண்டில் சென்னைச் சட்டப் பேரவையில் அவர் முன்வைத்த இரண்டு மசோதாக்களில் ஒன்று சட்டமாயிற்று. மற்றொன்று தொடக்க நிலையிலேயே வீழ்த்தப்பட்டது. அந்த வேறுபாடு எப்படி நேர்ந்தது என்று பார்த்தால், அவருடைய முப்பதாண்டுப் பொதுவாழ்க்கை முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். வெஸ்லி மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றார், ஆசிரியரானார். அவருடைய அரசியலில் இந்த ஆசிரியப் பணியின் சுவடு இறுதிவரை இருந்தது. பள்ளி, பெயர், பதிவேடு, விண்ணப்பம், அரசாணை ஆகியவற்றின் வழியே மாற்றத்தைத் தேடியவர் அவர். வீதியில் இறங்கிப் போராடிய தலைவர் அல்லர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கில அரசு அளித்த ராவ் பகதூர் பட்டத்தை ஏற்றுக்கொண்டவர். இன்றைய இளைஞர்களிடம் அவர் பெயர் அதிகம் புழங்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1932இல் அவர் எடுத்த நிலைப்பாடு இதைவிடப் பெரிய காரணம். அதற்குப் பின்னர் வருவோம்.

1916இல் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளரானார். அதே காலத்தில் உருவான தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தோடும், அதாவது நீதிக்கட்சியோடும், இணைந்து நின்றார். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின்படி 1920இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென்று தேர்தல் தொகுதிகள் ஒதுக்கப்படவில்லை. சொத்தும் வரியும் வாக்குரிமையைத் தீர்மானித்த காலம் அது. நிலமற்ற மக்களுக்கு வாக்கு எங்கிருந்து வரும்? ஆளுநரின் நியமனமே அவையின் வாசலாக இருந்தது. நியமன உறுப்பினருக்கு மக்களிடம் வாக்குக் கேட்கும் தேவை இல்லை. ஆனால் நியமித்த கையை முழுவதுமாகப் பகைத்துக்கொள்ளும் சுதந்திரமும் இல்லை. ராஜாவின் அரசியல் மிதத்தை மதிப்பிடும்போது இந்த ஏற்பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்த அவையில் அவர் முதலில் எடுத்த பெரிய காரியம் பெயர். பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்களில் எழுதப்பட்டு வந்த சொற்களை நீக்கி, தமிழ்ப் பகுதியில் ஆதி திராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் குறிப்பிட வேண்டும் என்ற தீர்மானம் 1922இல் அவர் முயற்சியால் நிறைவேறி, அதே ஆண்டு அரசாணையாகவும் வந்தது. வயிற்றுக்குச் சோறிடாத மாற்றம் என்று இதனை அன்றும் சிலர் எண்ணியிருப்பர். ஆனால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் நீதிமன்ற ஆவணத்திலும் பட்டாவிலும் ஒருவரை அரசு எந்தச் சொல்லால் அழைக்கிறது என்பது, அந்த அலுவலகத்தின் எழுத்தர் அவரை எப்படி நடத்துவார் என்பதோடு இணைந்தது. சாதிச் சான்றிதழுக்காகக் கட்சிக்காரரோடு வட்டாட்சியர் அலுவலகம் சென்று வந்த எந்த வழக்கறிஞருக்கும் இது விளங்கும்.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தீர்மானம் என்பது அரசுக்கு அவை செய்யும் பரிந்துரை. அரசு விரும்பினால் ஆணையாக்கலாம்; விரும்பாவிட்டால் கோப்பில் வைக்கலாம். ஆணையாக்கினாலும் அதை மீறுவோரைத் தண்டிக்கப் பெரும்பாலும் வழியிருக்காது. பொதுச்சாலைகளிலும் கிணறு, குளங்களிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் இரட்டைமலை சீனிவாசனும் வீரையனும் அதே அவையில் பெற்றுத் தந்ததும் முதலில் இந்த வகையில்தான் வந்தது. அரசாணையின் படியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கிரகாரத் தெருவில் நடக்க முயன்றவர்கள் அடிபட்டதும் உண்டு. ஆணைக்குத் தண்டனைப் பிரிவு என்ற பல் வேண்டும் என்ற தெளிவு அந்தத் தலைமுறைக்கு அனுபவத்தால் வந்தது.

நீதிக்கட்சியோடு ராஜாவின் உறவு 1921இல் முறியத் தொடங்கியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர் பெரும்பாலும் சேரவில்லை. வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, காவல்துறையின் துப்பாக்கியும் வெடித்தது. ஆளுங்கட்சியான நீதிக்கட்சியின் தலைவர்கள், ஆதி திராவிடர்க்குத் தொழிலாளர் துறை அளவுக்கு மீறிச் சலுகை காட்டியதே கலகத்துக்குக் காரணம் என்று குற்றம் சாட்டினார்கள். வீடிழந்தவர்களே குற்றவாளிகளாக்கப்பட்டனர். அரசு வேலைகளில் வகுப்புவாரி ஒதுக்கீடு குறித்து அதே அமைச்சரவை வெளியிட்ட ஆணைகளிலும் ஆதி திராவிடர்க்கு உரிய பங்கு இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி ராஜா தூதுக்குழு அழைத்துச் சென்றார். பயனில்லை. 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். பார்ப்பனரல்லாதார் என்ற பொதுப்பெயருக்குள் தம் மக்களின் இடம் எது என்ற கேள்வி அவரை அதற்குப் பிறகு விடவில்லை.

1925இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அடுத்துத் தில்லியிலிருந்த மத்திய சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் சங்கத்தின் தலைமையும் அவரிடம் இருந்தது. சைமன் குழுவோடு சேர்ந்து பணியாற்றிய இந்திய மத்தியக் குழுவிலும் இடம்பெற்றார். அந்தக் காலத்தில் தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்தவர்தாம் அவர்.

பிறகு வட்டமேசை மாநாடு வந்தது. அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டார்கள்; ராஜா அழைக்கப்படவில்லை. 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டு, பொது வாக்காளர் பட்டியலில் ஒதுக்கப்பட்ட இடங்களை ஏற்பது அதன் சாரம். அழைக்கப்படாத மனக்குறைதான் காரணம் என்று சொல்வோர் உண்டு. அது ஒரு பங்கு உண்மையாக இருக்கலாம் என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் அதுவே முழுக்காரணம் என்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். சிதறி வாழும், எங்கும் சிறுபான்மையான ஒரு மக்கள், பெரும்பான்மையோடு எவ்வகையான தேர்தல் உறவும் இல்லாமல் அவையில் எதைச் சாதிக்க முடியும் என்ற கணக்கும் அதில் இருந்தது. வாக்குக் கேட்டு வருகிறவன் மரியாதை கொடுப்பான் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்தக் கணக்கு தவறாகப் போயிற்று என்பது வேறு.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு தனி வாக்காளர் தொகுதியை அளித்தது; காந்தி எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார்; செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாகாண அவைகளில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன. அதற்கு ஈடாக, ஒதுக்கப்பட்ட இடத்தில் வெல்பவரைத் தீர்மானிக்கும் இறுதி வாக்கு எல்லாச் சாதியாரின் கைக்கும் போயிற்று. முதல்நிலைத் தேர்தலில் நம் மக்கள் நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நால்வரில் யார் என்பதைப் பொதுத் தொகுதி முடிவு செய்யும். அம்பேத்கர் மனமின்றிக் கையெழுத்திட்டார். ராஜாவும் கையெழுத்திட்டார், ஆனால் அது அவர் முன்பே வாதாடிய ஏற்பாட்டுக்கு நெருக்கமானது.

ஒப்பந்தத்தை அடுத்துக் கோயில் நுழைவுக்குச் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் சுப்பராயன் கொண்டுவர விரும்பிய மசோதாவுக்கு வைஸ்ராய் முன் அனுமதி தரவில்லை. நாடு முழுவதற்குமான பிரச்சினையை ஒரு மாகாணம் தீர்க்கலாகாது என்பது சொல்லப்பட்ட காரணம். தில்லியில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதரவு திரட்ட இராஜாஜி முதலிய காங்கிரஸ் தலைவர்கள் முதலில் முனைந்து உழைத்தார்கள். மக்கள் கருத்தறிய அது சுற்றுக்கு விடப்பட்டது. 1934இல் மத்திய அவைக்குத் தேர்தல் நெருங்கியபோது காங்கிரஸ் ஆதரவு விலகியது; ஆகஸ்டில் ரங்க ஐயர் அக்கட்சியைக் கடுமையாகச் சாடிவிட்டு மசோதாவைத் திரும்பப் பெற்றார். அந்த அவையில் ராஜாவும் உறுப்பினர். ஆக, 1938இல் நடக்கவிருந்ததன் முன்னோட்டத்தை அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நேரில் பார்த்திருந்தார்.

1937இல் புதிய அரசமைப்பின்படி தேர்தல் நடந்தது. சென்னைச் சட்டப் பேரவையின் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159 கிடைத்தன. ஒதுக்கப்பட்ட 30 இடங்களில் 26 அக்கட்சிக்கே போயின. காங்கிரஸ் சேராமல் பேரவைக்குள் வந்த மிகச் சிலரில் ராஜா ஒருவர். காங்கிரஸ் பதவியேற்கத் தயங்கிய ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான இடைக்கால அமைச்சரவையில், கே.வி. ரெட்டி நாயுடுவின் தலைமையில், வளர்ச்சித் துறை அமைச்சராகவும் இருந்தார். சென்னை மாகாணத்தில் அமைச்சரான முதல் தலித் அவர். ஜூலையில் இராஜாஜி முதலமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை இடம்பெற்றார். ராஜா எதிர் வரிசைக்கு வந்தார்.

எதிர் வரிசையில், பின்னால் கட்சிப்பலம் இல்லாமல் அமர்ந்திருக்கும் உறுப்பினரின் கையில் இருப்பவை கேள்வியும் தனிநபர் மசோதாவும்தாம். அரசின் அலுவல் போக மிஞ்சிய நாட்களில் மட்டுமே தனிநபர் மசோதாவுக்கு இடம். ஆண்டு முழுவதும் காத்திருந்து ஒன்றிரண்டைத்தான் முன்னெடுக்க முடியும். எதைத் தேர்வது? நிலமா, கூலியா, கல்வியா, தண்ணீரா, கோயிலா? இன்றைய கோரிக்கைப் பட்டியல்களில் இருபது, முப்பது அம்சங்களை அடுக்குகிறோம். ராஜா இரண்டைத் தேர்ந்தார். பொதுவெளியில் தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்குவது ஒன்று. கோயிலைத் திறப்பது மற்றொன்று.

முதல் மசோதா அரசின் ஆதரவைப் பெற்றுக் குடியியல் தடைகள் நீக்கச் சட்டமாக, 1938ஆம் ஆண்டின் 21ஆவது சென்னைச் சட்டமாக, நிறைவேறியது. சாலை, கிணறு, குளம், ஊர்தி ஆகியவற்றோடு, பொதுமக்கள் வந்துபோகும் கடை, உணவகம் ஆகியவற்றிலும் தீண்டாமை காட்டுவது குற்றமாயிற்று. தீண்டாமையை அடிப்படையாகக் கொண்ட வழக்காற்றை எந்த நீதிமன்றமும் ஏற்று நடைமுறைப்படுத்தலாகாது என்றும் சொன்னது. முதல் குற்றத்துக்குச் சிறு அபராதம்; மீண்டும் செய்தால் கூடுதல் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். தண்டனை சிறிது என்று குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் நாட்டிலேயே இவ்வளவு விரிவாகத் தீண்டாமையைக் குற்றவியலுக்குள் கொண்டுவந்த முதல் சட்டம் இதுதான். வழக்காறு என்பது ஆதிக்கச் சாதியாரின் மிகப் பெரிய சட்ட ஆயுதமாக இருந்தது. எங்கள் குளத்தில் அவர்கள் இறங்குவதில்லை, அதுவே வழக்கம் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபித்தால் தடையாணை கிடைத்துவிடும். மகாடு சவுதார் குளத்தின் பேரில் அம்பேத்கரும் அவர் தோழர்களும் பத்தாண்டுகள் வழக்காடி, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்றுதான் வென்றார்கள். அந்தப் பத்தாண்டு வழக்கை ஒரே பிரிவில் அடைத்துவிட ராஜாவின் சட்டம் முயன்றது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பில் நாம் இன்று படிக்கும் வரிசையை 21ஆவது சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சட்டக் கல்லூரி மாணவர்களை நான் கேட்டுக்கொள்வதுண்டு.

அச்சட்டத்தில் ஒரு சொல் கவனிக்கத்தக்கது. அது திறந்துவிட்ட நிறுவனங்கள் சமயச்சார்பற்றவை என்று வரையறுக்கப்பட்டன. கோயில் கவனமாக வெளியே நிறுத்தப்பட்டது. அந்தக் கதவுக்காகத்தான் இரண்டாவது மசோதா.

கோயில் நுழைவு மசோதாவுக்கு ஆதரவு தருவதாக இராஜாஜி முதலில் கூறியிருந்தார் என்பது ராஜாவின் நிலை. மசோதா விவாதத்துக்கு வரும் நேரத்தில் அதைத் திரும்பப் பெறும்படி முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். மாகாணம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் சட்டம் செய்வது எதிர்ப்பைக் கிளப்பும்; திருவாங்கூரில் 1936இல் கோயில்கள் திறக்கப்பட்டுவிட்டதால், அதை ஒட்டிய மலபாரில் தொடங்கிப் படிப்படியாகச் செல்லலாம் என்பது அவர் வாதம். ராஜா திரும்பப் பெறவில்லை. 1938 ஆகஸ்டில் மசோதா பேரவைக்கு வந்தது. முதலமைச்சர் எதிர்த்துப் பேசினார். தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் நிலையைக்கூட எட்டாமல், பெரும் வாக்கு வேறுபாட்டில் மசோதா வீழ்ந்தது.

ஒதுக்கப்பட்ட 30 இடங்களில் 26இல் அமர்ந்திருந்தவர்கள் அன்று ஆளுங்கட்சி வரிசையில் இருந்தார்கள். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் பலருக்கு அந்த மசோதா தங்கள் மசோதாவாகவே தோன்றியிருக்கும். ஆனால் அவர்களை அந்த இருக்கைக்கு அனுப்பியது கட்சிச் சீட்டும் பொதுத் தொகுதியின் வாக்கும். கட்சி முடிவெடுத்த பிறகு அவர்களுக்கென்று தனிமுடிவு இல்லை. அவர்களைக் குறை கூறுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த இருக்கைகள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தன. அந்த வடிவமைப்பில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர், ஆறு ஆண்டுகளுக்குப் பின், அதே அவையில் நின்று அதன் விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று தமிழ்நாட்டில் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டவை. 1985இல் வந்த பத்தாவது அட்டவணை, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியையே பறிக்க வழி செய்திருக்கிறது. 1938இல் கட்சிக் கட்டுப்பாடு ஒரு பழக்கம். இப்போது அது அரசமைப்பின் பகுதி. நம் கோரிக்கைப் பட்டியலைத் தனித்தொகுதி உறுப்பினரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வருவது எவ்வளவு தூரம் பயன்படும் என்று இயக்கத் தோழர்கள் இதை வைத்து எண்ணிப் பார்க்கலாம். பட்டியலின் முதல் அம்சத்தைப் பொதுத்தொகுதி உறுப்பினரின் வீட்டு வாசலிலும் வைக்க வேண்டியிருக்கிறது. கட்சித் தலைமையின் வாசலிலும்.

மசோதா தோற்ற பின் ராஜா காந்திக்குக் கடிதங்கள் எழுதினார். பூனாவில் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளை நினைவூட்டினார். அந்த ஒப்பந்தத்தை ஆதரித்ததற்கு இதுதானா கைம்மாறு என்ற கேள்வி அவற்றின் அடியில் ஓடியது. இராஜாஜியை நம்பும்படியே காந்தி அறிவுரை கூறினார். அந்த ஆண்டின் முடிவுக்குள் மலபார் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. கோயிலைத் திறப்பதா வேண்டாமா என்பதைச் சாதி இந்து வாக்காளர் பெரும்பான்மை முடிவு செய்யும் ஏற்பாடு அது. உரிமை உடையவர் யார், அதை வழங்குபவர் யார் என்பதில் ராஜாவின் மசோதாவுக்கும் இதற்கும் இருந்த தூரம் பெரிது.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். உள்ளே அழைத்துச் சென்றவர்கள் மீது வழக்கு வந்துவிடாதபடி இராஜாஜி அரசு விரைந்து அவசரச் சட்டமும், தொடர்ந்து காப்புறுதிச் சட்டமும் கொண்டுவந்தது. ஓராண்டுக்கு முன் காலம் கனியவில்லை என்று சொல்லப்பட்ட காரியம், அரசே முன்னெடுத்தபோது சில வாரங்களில் நடந்தது. நம் பாடநூல்களில் மதுரை நுழைவு இருக்கிறது. அதற்கு முந்தைய ஆகஸ்டு இல்லை.

அவ்வாண்டு அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. ராஜா மெல்ல அம்பேத்கரின் பக்கம் நகர்ந்தார். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது இருவரும் சேர்ந்தே அவரைச் சந்தித்தார்கள். ஒடுக்கப்பட்டோர்க்குப் போதிய பாதுகாப்பு இல்லாத அத்திட்டத்தை ஏற்க இயலாது என்று இருவர் பெயராலும் கடிதம் போயிற்று. பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் ஒப்பந்தங்களின் பெயராக இருந்தவர்கள். பூனா ஒப்பந்தத்தை ஆதரித்தது பிழை என்ற முடிவுக்கு ராஜா அதற்குள் வந்திருந்தார்.

1943 ஆகஸ்ட் 20 அன்று அவர் காலமானார். சென்னை மாகாணக் கோயில்கள் அனைத்தையும் எல்லா இந்துக்களுக்கும் திறக்கும் சட்டம் 1947இல் வந்தது. அப்போது அவையில் அவர் இல்லை. அவர் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டின் 21ஆவது சட்டம் மேலும் சில ஆண்டுகள் நடப்பில் இருந்தது. 1955இல் நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை நிறைவேற்றியபோது, மாகாணங்கள் தனித்தனியே இயற்றியிருந்த பழைய சட்டங்கள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றின் அட்டவணை அச்சட்டத்தின் இறுதியில் உள்ளது. அதில் ராஜாவின் சட்டத்தையும் காணலாம்.